கருவை முள்ளுக்குள் கேமரா

மூன்று பேர் விளையாடினார்கள், மூன்று பேரும் தோற்றார்கள். மெயிலில் இருந்த சேதி அவ்வளவுதான்.

சென்னையில் கேம் செய்கிற ஒரு சின்ன நிறுவனம் லெவல் டிசைனர் வேலைக்கு வைத்த பரீட்சை அது. யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து ஒளிந்து போகிற மாதிரி ஒரு லெவலை, அதாவது ஆட்டத்தின் ஒரு கட்டத்தை, பத்து நாளில் செய்து அனுப்ப வேண்டும். அவர்கள் ஆபீசில் மூன்று பேர் அதை விளையாடுவார்கள். யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். இரண்டு பேராவது கடைசி வரை போய்ச் சேர்ந்தால் எனக்கு வேலை. என் லெவலில் ஒருத்தர்கூட பாதியைத் தாண்டவில்லை. காரணம் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தார்கள். புதர்கள் வேலை செய்யவில்லை.

புதர்கள் வேலை செய்யவில்லையாம். என் லெவலில் புதரே கிடையாது. நான் வைத்திருந்தது சீமைக்கருவேலம்.

கோபத்தில் லேப்டாப்பை மூடி, திரும்பத் திறந்து, அந்த வரியை இன்னொரு தடவை படித்து, மறுபடி மூடினேன். இதற்கு முன் இரண்டு நிறுவனங்களில் இதே மாதிரி பரீட்சை எழுதி இரண்டிலும் ஊத்திக்கொண்டவன் நான். அந்த இரண்டு தடவையும் என் வேலை மட்டம் என்று எனக்கே தெரியும். இந்தத் தடவை அப்படி இல்லை. இது நன்றாக வந்திருந்தது. அதுதான் எரிச்சல்.

லெவலின் கதை ரொம்ப சிம்பிள். பி.இ. முடித்து இரண்டு வருஷமாக வேலை இல்லாத ஒருத்தன், ராமநாதபுரம் ஜில்லாவில் உச்சிப்புளி பக்கத்தில் ஒரு ஊரில், வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் சொந்தக்காரர்கள் கண்ணில் படாமல் போக வேண்டும். துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது. யாராவது பார்த்துவிட்டால் நேரே நடந்து வந்து "வேலை கெடச்சிருச்சாப்பா?" என்று கேட்பார்கள். கேட்டதும் ஆட்டம் குளோஸ், வீட்டு வாசலிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இதற்காக நான் ஆராய்ச்சி எல்லாம் செய்யவில்லை. தினமும் நான் போகிற வழிதான் அது.

டீக்கடை பெஞ்சில் ஒரு சித்தப்பா. ரேஷன் கடை வாசலில் இரண்டு அத்தைகள், ஒருத்தர் கிழக்கே பார்த்து, ஒருத்தர் மேற்கே பார்த்து. இவர்களுக்கெல்லாம் பார்வை விசிறி மாதிரி முன்னால் விரிந்திருக்கும். அதற்குள் கால் வைக்காமல் போனால் தப்பிக்கலாம். இவர்களைவிட மோசம் ஆடு மேய்க்கிற மாமா. அவர் எந்தப் பக்கம் நடப்பார் என்று எனக்கே தெரியாது. ஆடுகளை இஷ்டத்துக்கு அலைய விட்டு, அவரை ஆடுகளுக்குப் பின்னால் போகும்படி எழுதியிருந்தேன். நிஜத்திலும் அப்படித்தானே.

பிரச்சினை இடம்தான். எங்கள் பக்கம் தரை தோசைக்கல் மாதிரி. மேடு கிடையாது, மாடி கிடையாது, நின்று மறைய ஒரு குட்டிச்சுவர் கிடையாது. பனைமரத்துக்குப் பின்னால் நின்றால் இரண்டு பக்கமும் தோள் தெரியும். ஒரு ஆளை இன்னொரு ஆளிடமிருந்து மறைக்கிற சாமான் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது கருவை, அந்தச் சீமைக்கருவேலம்தான். கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகு வெட்டப் போய்ப் போய் அதற்குள் வளைந்து வளைந்து பாதை விழுந்திருக்கும். நான் சொந்தக்காரர்களிடமிருந்து தப்பிப்பது அந்தப் பாதையில்தான். அதனால் லெவலில் கருவைதான் சுவர், வெட்டுப்பாதைதான் சந்து.

நடக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் எங்கள் ஊரில் கருவைக்குள் நுழையாது. முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறி, நுனி உடைந்து உள்ளேயே நிற்கும். ஒரு வாரம் சீழ் வைக்கும். பைக் டயர் பஞ்சர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் சுவரையாவது ஏறிக் குதிக்கலாம்.

அடுத்தது கேமரா. முதலில் அந்தப் பையனின் கண் வழியாகவே பார்க்கிற மாதிரி வைத்தேன். முதுகுக்குப் பின்னால் வருகிற அத்தை கடைசி வரை தெரியவே மாட்டார். கேள்வி காதில் விழும்போதுதான் தெரியும். அச்சு அசலாக என் வாழ்க்கை, ஆனால் விளையாட முடியாது. பிறகு வானத்திலிருந்து கீழே பார்க்கிற மாதிரி மாற்றினேன். எல்லாச் சொந்தக்காரர்களும் காய் மாதிரி நகர்ந்தார்கள், தாயம் ஆடுகிற மாதிரி ஆகிவிட்டது. பயம் துளி இல்லை. கடைசியில் எல்லாரும் வைக்கிற இடத்திலேயே வைத்தேன். பையனின் முதுகுக்குப் பின்னால், தோளுக்குக் கொஞ்சம் மேலே, முதுகில் செல்ஃபி குச்சி கட்டிய மாதிரி.

ஒளிகிற கேம்கள் எல்லாமே இந்த ஒரு திருட்டுத்தனத்தில்தான் ஓடுகின்றன. உடம்பு தெருமுக்குக்கு இந்தப் பக்கம் பதுங்கியிருக்கும், கண் மட்டும் ஆறடி பின்னால் அந்தரத்தில் நின்று அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு கண் எனக்கு நிஜத்தில் இருந்திருந்தால் எங்கள் சித்தப்பாவிடம் ஒரு தடவைகூட மாட்டியிருக்க மாட்டேன்.

இந்தக் கேமராவுக்குக் குறுகலான இடம் ஆகாது. சுவர் பக்கத்தில் வந்தால் சுவருக்குள் போய்விடும். அப்படிப் போகாமல் தடுத்தால் ஆளின் பிடரியில் வந்து ஒட்டிக்கொள்ளும். சுவராவது பரவாயில்லை. கருவையில் ஆயிரம் இலை, ஆயிரம் குச்சி. ஒவ்வொன்றிலும் கேமரா முட்டி முட்டி விலகினால் குண்டும் குழியுமான ரோட்டில் மினி பஸ் போகிற மாதிரி ஆடும். அதனால் இலை தழைகளில் கேமரா முட்டாமல் ஊடுருவிப் போகும்படி செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்துவிடுவது வழக்கம். நானும் எடுத்துவிட்டேன். அரை நொடி வேலை. அதை யோசிக்கக்கூட இல்லை.

செய்து முடித்ததும் என் காலேஜ் சேக்காளியிடம் விளையாடக் கொடுத்தேன். தங்கச்சிமடத்துக்காரன். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்கு மட்டும் எல்லாரும் கரையில் இருப்பார்கள். இவனுக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். அதனால் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறான். கவுண்டரிலேயே லேப்டாப்பை வைத்து, கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, நாலே நிமிஷத்தில் பஸ் ஏறிவிட்டான்.

"ஏலே, இவ்வளவுதானா? டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"கஷ்டந்தான். அந்த ஆட்டுக்காரர நெசமாவே அடிக்கணும்போல இருந்துச்சு. ஒங்க மாமாவாடா?"

"ஆமா."

"அப்ப சரி. அங்கங்க நின்னு நின்னு போகவும்தான் தப்பிச்சேன்."

இந்த நாலு நிமிஷத்தை நம்பித்தான் நான் அனுப்பினேன்.

மெயிலோடு மூன்று பேரும் விளையாடிய வீடியோவையும் அனுப்பியிருந்தார்கள். பார்க்கப் பார்க்க நெஞ்சு எரிந்தது. முதல் ஆள் வீட்டு வாசலை விட்டு இறங்கியதும் நேரே கருவையைப் பார்த்து ஓடி முட்டினார். குனிந்து முட்டினார். தள்ளிப்போய் வேறொரு மரத்தில் முட்டினார். இரண்டு நிமிஷம் இதே வேலை. பக்கத்தில் ஒரு எட்டில் வெட்டுப்பாதை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை நிதானமாக நடந்து வந்து கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது ஆள் ஒரு படி மேலே போய், ஊரில் இருக்கிற அத்தனை கருவையையும் வரிசையாக முட்டிப் பார்த்தார். ஏதாவது ஒன்று திறக்கும் என்று நினைத்திருப்பார் போல. பத்து நாள் உட்கார்ந்து நான் வைத்த சித்தப்பாவின் பார்வையை, அத்தைகளின் திசையை, ஆட்டின் நடையை ஒருத்தராவது பார்க்க வேண்டுமே. மூன்று பேரும் முள்ளோடு மல்லுக்கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த நிறுவனத்தில் டிசைனுக்குத் தலைமையாக இருக்கிற பெண்தான் மெயில் அனுப்பியவர். போன் நம்பர் கீழே இருந்தது. யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேன். யோசித்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

"அது புதர் இல்லைங்க மேடம். கருவ முள்ளு. அதுக்குள்ள போக முடியாது."

"அது உங்களுக்குத் தெரியும். ஸ்கிரீன்ல தெரியலையே" என்றார். கோபமே படவில்லை. "ஒளியிற கேம்ல பச்சையா ஒண்ணு இருந்தா அதுக்குள்ள போய் உக்காரலாம்னுதான் எல்லாரும் நினைப்பாங்க."

"உள்ள போனா ரத்தம் வரும் மேடம்."

"வரலையே. நானும் முட்டிப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல."

ஒன்று, அந்தப் புதருக்குள் ஆளை விடுங்கள், இல்லையென்றால் அதைத் தூக்கிவிட்டு ஒரு காம்பவுண்டுச் சுவர் வையுங்கள் என்றார். எங்கள் ஊரில் பொட்டலுக்கு நடுவே யார் காம்பவுண்டு கட்டுவார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாலு நாள் தருகிறேன், இதற்கு மேல் கிடையாது என்றார். இந்தத் தடவை நேரலையில் வீடியோ காலில் விளையாடுவார்கள், நானும் பார்க்கலாம், ஆனால் மைக் ஆஃப் செய்திருக்க வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதே மூன்று பேர் வேண்டாம், புதிதாக இரண்டு பேர், பழைய ஆளில் ஒருத்தர். கணக்கு அதேதான், இரண்டு பேர் போய்ச் சேர வேண்டும்.

முதல் நாள் முழுக்க முள்ளைப் பெரிதாக்கினேன். விரல் நீளத்துக்கு, வெள்ளையாக, நுனியில் சிவப்பு. இரண்டாவது நாள் முட்டினால் ரத்தம் வருகிற மாதிரி செய்தேன், உயிர் கொஞ்சம் குறையும். இப்போது யாரிடமாவது விளையாடக் கொடுக்க வேண்டும். அங்கேதான் மாட்டினேன். எங்கள் தெருவில் யாரிடம் கொடுத்தாலும் கருவைப் பக்கமே போகாமல் பாதையில் போகிறார்கள். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற அண்ணனிடம் கொடுத்தேன், அவரும் அப்படியே. ஜில்லா முழுக்க ஒரு உருப்படியான டெஸ்டர் கிடையாது. நான் முதலில் செய்த தப்பே அப்போதுதான் மண்டையில் ஏறியது. சேக்காளி நாலு நிமிஷத்தில் முடித்தது என் லெவல் நன்றாக இருந்ததால் இல்லை. அவன் இந்தப் பக்கத்துக்காரன்.

வெறுத்துப்போய் வீட்டில் அய்யாவிடம் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஸ்கிரீனைக் காட்டி, இதற்குள் போகலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்று கேட்டேன். அய்யா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"முள்ளுக்குள்ள போறவனுக்கு எதுக்குடா வெளையாட்டு? பிடிச்சு ஆஸ்பத்திரியில போடு."

கருவையைப் பார்க்காத ஆள் வேண்டும். எங்கே போவது? அப்புறம்தான் உறைத்தது. நாட்டில் இருக்கிற அத்தனை ஊர்க்காரர்களும் தினமும் வந்து இறங்குகிற இடத்தில் என் சேக்காளி ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாவது நாள் காலை முதல் பஸ்ஸில் ராமேஸ்வரம் போய்விட்டேன்.

லாட்ஜ் ஹாலில் தீர்த்தமாடிவிட்டு வந்த கூட்டம் ஈரம் சொட்டச் சொட்ட மாடி ஏறிக்கொண்டிருந்தது. மத்தியப் பிரதேசத்துக் குடும்பம் ஒன்று. அதில் எங்கள் வயதுப் பையன் ஒருத்தன் சீக்கிரமே துணி மாற்றிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டு, அதன் பக்கத்திலேயே சோபாவில் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஹிந்தி சுத்தம். சேக்காளிக்கு லாட்ஜ் ஹிந்தி வரும். ரூம், வெந்நீர், சாவி தவிர முதல் தடவையாக வேறு ஒரு விஷயத்தைப் பேசிக் கேட்டான். பையன் முகம் மலர்ந்து கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டான்.

நேரே கருவைக்குத்தான் போனான். ரத்தம் வந்தது. விலகவில்லை. இன்னும் அழுத்தினான். இன்னும் ரத்தம். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான்.

"என்னடா சொல்றான்?"

"உள்ள ஏதோ ஒளிச்சு வச்சிருக்கியாம். அதான் குத்துதாம்."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவனுக்குப் புரியாத மொழி என்பதால் தப்பித்தேன். இரண்டு நாள் உழைத்து வைத்த முள், அவனுக்கு உள்ளே புதையல் இருக்கிறது என்று போர்டு வைத்த மாதிரி இருந்திருக்கிறது.

ஸ்கிரீனைப் பார்க்கவே பிடிக்காமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கட்டைவிரல் ஆளை நடத்தும், வலது கட்டைவிரல் கேமராவைத் திருப்பும். செத்துச் செத்து அவன் திரும்ப ஆரம்பிக்கும்போதெல்லாம் முதலில் வலது விரல் அசைந்தது. ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, கேமரா மட்டும் சுற்றிக்கொண்டு கருவைக்குள் நுழைந்தது. இலை விலகியது, உள்ளே நிழலாக, குளிர்ச்சியாக, ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் தெரிந்தது. அதற்கப்புறம்தான் இடது விரல் அசைந்தது. ஐந்து தடவை பார்த்தேன். ஐந்து தடவையும் கேமரா முதலில் உள்ளே போனது, பிறகு ஆளைப் போகச் சொன்னான்.

அவன் என்ன செய்வான் பாவம். அவன் கண்ணே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறது. கண் போன இடத்துக்கு உடம்பு போகாது என்று சொன்னால் எவன் கேட்பான்? கருவை சுவர் என்று ஆளுக்குச் சொல்லியிருந்தேன். கேமராவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அரை நொடியில் எடுத்துவிட்ட அந்த ஒரு டிக்.

சேக்காளியை விளையாடச் சொல்லி அவன் விரலையும் பார்த்தேன். வலது விரல் ஒரு தடவைகூடக் கருவைப் பக்கம் திரும்பவில்லை. ரோட்டில் போகும்போது சுவரை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு மண்ணும் இல்லை. கையில் ஒரு நாள்தான் இருந்தது, ஒன்றைத் தொட்டால் பத்து கெட்டது. டிக்கைத் திரும்பப் போட்டால் கேமரா மினி பஸ்ஸாகி ஆடியது. அதனால் ஒவ்வொரு கருவைக் கூட்டத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பான ஒரு திரை கட்டினேன். கேமரா மட்டும் அதில் முட்டி நிற்கும். கேமரா ஆடுவது நின்றது. ஆனால் வெட்டுப்பாதைக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கத் திரையும் நெருக்கி, கேமரா பையனின் பிடரிக்கு வந்துவிட்டது. முக்கு திரும்பும் வரை எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. அந்தரத்தில் நின்ற கள்ளக்கண் பிடுங்கப்பட்டதும், நானே என் லெவலில் ஏழு தடவை மாமாவிடம் மாட்டினேன். ஆடுகளை மெதுவாக்கினேன். மேற்கே பார்த்த அத்தையைத் தூக்கினேன். சித்தப்பாவுக்கு அடிக்கடி டீ கொடுத்துக் குனிய வைத்தேன். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. பெரிதாக்கிய முள்ளை எல்லாம் பழையபடி சின்னதாக்கிவிட்டேன், ரத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

வீட்டு நெட்டை நம்ப முடியாமல் வீடியோ காலுக்கும் லாட்ஜுக்கே போனேன். சேக்காளி பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் விளையாடிய பெண் கருவைப் பக்கம் கேமராவைத் திருப்பினார். அது முட்டி நின்றது. "ஓ" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் பாதைக்குள் போய்விட்டார். மூன்று தடவை மாட்டினார், நாலாவது தடவை பஸ் ஏறினார். நான் கவுண்டரில் ஓங்கிக் குத்தினேன்.

இரண்டாவது ஆள் பாதைக்குள் போன இரண்டே நிமிஷத்தில் தலை சுற்றுகிறது, கேமரா கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். தோற்கக்கூட இல்லை, எழுந்து போய்விட்டார்.

மூன்றாவது பழைய ஆள். அதே ஆள்தான், ஊரில் உள்ள அத்தனை கருவையையும் முட்டியவர். ஒரே ஆளின் கையில் என் வேலை. இறங்கினார், கருவைக்குப் போனார், கேமராவைத் திருப்பினார், முட்டியது. நின்றார். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி முட்டினார். மேலே ஏற்றி முட்டினார். அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

"திரும்புய்யா! பின்னால பாதை கெடக்கு, திரும்பு" என்று கத்திவிட்டேன்.

"மைக் ஆஃப்ல இருக்கான்னு பாருடா மொதல்ல" என்றான் சேக்காளி.

ஆஃபில்தான் இருந்தது. அந்த ஆள் இன்னும் இரண்டு மரம் பார்த்தார். அத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். பிறகு, பழைய வீடியோவில் செய்யாத ஒன்றைச் செய்தார். கேமராவைச் சுற்றிப் பின்னால் திருப்பினார். பாதை தெரிந்தது. உள்ளே போனார். மாட்டினார், மாட்டினார், ஐந்து தடவை மாட்டினார். ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசலிலிருந்து இறங்கியதும் கருவையைத் திரும்பிப் பார்க்காமல் நேரே பாதைக்குப் போனார், எங்கள் ஊர்க்காரர் மாதிரி. ஆறாவது தடவை ஆட்டு மாமாவுக்குப் பின்னாலேயே ஆடு மாதிரி மெதுவாக நடந்து பஸ் ஏறினார். பார்த்துக்கொண்டிருந்ததில் என் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

மேடம் என்னை மைக்கை ஆன் செய்யச் சொன்னார்.

"ரெண்டு பேர் முடிச்சிட்டாங்க. மூணு மாசம் டிரெயினிங்ல எடுத்துக்கிறோம். கேமராவ முட்ட வச்சது நல்லா இருக்கு, எங்க கேம்ல வர்ற கல் சுவருக்கும் அதையே போடப்போறோம். ஆனா தலை சுத்துறத நீங்க சரிபண்ணணும். அப்புறம், ஒரு புதராவது உள்ள போற மாதிரி வச்சிருக்கலாம். ஆளுங்களுக்கு அது பிடிக்கும்."

"சரிங்க மேடம்" என்றேன். சேக்காளி வாயைப் பொத்திக்கொண்டு கவுண்டருக்கு அடியில் குனிந்துவிட்டான்.

சென்னையில் சேர்ந்த முதல் வாரம் வேறொருத்தர் செய்த கோடவுன் லெவலை என்னிடம் கொடுத்து, ஆள் ஒளிகிற மாதிரி பன்னிரண்டு புதர் நடச் சொன்னார்கள். சிமென்ட் தரையில் எப்படிப் புதர் முளைக்கும் என்று கேட்டேன். தொட்டியில் வையுங்கள் என்றார்கள். வைத்தேன். கேமரா வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, பின்னாலேயே ஆளும் போய் உட்காருகிறான், முழங்காலில் ஒரு கீறல் கிடையாது. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது, சூப்பர், இன்னும் நாலு வைக்க முடியுமா என்று.